தோஹா வழியாக ஒரு புரட்டாசிப் பயணம்

விமானத்தில் ‘இந்து உணவு’ என்று பதிவு செய்துவிட்டால் சைவச் சாப்பாடு வந்துவிடும் என்று நம் வட்டாரத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வராது. விமான நிறுவனங்களின் கணக்கில் அது மாட்டிறைச்சி சேராத அசைவ உணவு. கோழி, ஆடு, மீன் எதுவும் வரலாம். நமக்கு வேண்டியது ‘ஆசியச் சைவம்’. சில நிறுவனங்கள் அதை ‘இந்தியச் சைவம்’ என்று எழுதும். ஏ.வி.எம்.எல். என்பது அதன் குறியீடு. ‘வீகன்’ என்று குறித்தால் பால், தயிர், நெய் ஒன்றும் இருக்காது. ‘ஜெயின்’ என்று குறித்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இருக்காது. எதுவானாலும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி.

இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது அம்மாவால்தான். சென்ற புரட்டாசியில் அவரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு வயது 74. இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, இரவு பத்து மணிக்கு வயிற்றில் ஓர் இன்சுலின் ஊசி. இதோடு புரட்டாசி விரதம். முட்டைகூடத் தொடமாட்டார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கென்றும் விமானத்தில் தனி உணவு உண்டு. ஆனால் அதில் கோழியோ மீனோ இருக்கலாம். பதிவு செய்யும் இடத்தில் ஒருவருக்கு ஒரு வகைதான் குறிக்க முடிந்தது. ஒன்று சர்க்கரையைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விரதத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன்.

“இதுல கேக்கறதுக்கு என்ன புள்ள இருக்கு? சைவம்னு எழுது. சோத்தக் கொறச்சுக்கிட்டாப் போவுது” என்றார்.

ஏன் ஸ்காட்லாந்து என்று உறவினர்கள் எல்லாரும் கேட்டார்கள். காசி, ராமேஸ்வரம், பழனி என்று அழைத்துப் போகாமல் இந்த வயதில் குளிர் நாட்டுக்கா என்று ஒரு சித்தி கோபித்துக்கொண்டார். அம்மா பிறந்து வளர்ந்தது நிபோங் திபால் பக்கத்தில் கலிடோனியா தோட்டம். 99 கதவு பங்களா என்று இன்றைக்கும் ஆட்கள் படமெடுக்கப் போகிறார்களே, அதே தோட்டம்தான். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு ரோமானியர்கள் வைத்த பெயர். மலாயாத் தோட்டங்களில் துரைமாராக இருந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். இதை என் மகள் ஒருநாள் கைப்பேசியில் படித்துக் காட்டியபோது, “அந்தப் பேர்ல நெசமாவே ஒரு ஊரு இருக்கா?” என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தன் கடப்பிதழை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கடப்பிதழில் அதுவரை மெட்ராஸ் முத்திரை மட்டும்தான் இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து எடின்பரோ. மலேசியர்களுக்கு பிரிட்டனில் சுற்றுலா விசா தேவையில்லை என்பது பழைய செய்தி. 2025 ஜனவரி முதல் இணையம் வழியாக முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற முடியும். அதை முடித்தோம். அதைவிடப் பெரிய வேலை மருத்துவரிடம் இருந்தது. மேற்கு நோக்கிப் பறந்தால் நாள் நீண்டுகொண்டே போகும். இரவு பத்து மணி ஊசி எந்த ஊர் பத்து மணிக்கு? மருத்துவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் மலேசிய நேரத்திலேயே எழுதிக் கொடுத்தார். “போய்ச் சேரும் வரை அம்மாவின் கைக்கடிகாரத்தில் கை வைக்காதீர்கள்” என்றார். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம், கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். திரவங்களுக்கு உள்ள 100 மில்லி லிட்டர் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது. மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் சோதனை செய்பவர்கள் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவின் கைப்பையில் மருந்தோடு இட்லிப் பொடி ஒரு சின்ன டப்பா, திருநீறு, ஒரு துண்டு, நாலைந்து நெகிழிப் பைகள் இருந்தன. காலி நெகிழிப் பை எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பியது. ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், ஓரத்தில் ஈப்போவிலிருந்து பேரனைப் பார்க்கப் போகும் ஒரு சீனப் பெரியவர். பத்து மணி தாண்டியதும் பணிப்பெண் ஒருத்தி இருக்கை எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, அம்மாவின் முன்னால் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

தனியாகச் சொல்லி வைத்த உணவை முதலில் கொடுத்துவிடுவது விமானங்களில் வழக்கம். தள்ளுவண்டி அதன் பிறகுதான் வெளியே வரும். சுற்றிலும் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அம்மா தட்டைப் பார்த்தார், பக்கத்து வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு?”

“வரும்மா. நீங்க மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடுங்க.”

மாத்திரையை விழுங்கினார். ஆனால் தட்டின் மேலிருந்த தாளைப் பிரிக்கவில்லை. எல்லாருக்கும் வரட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஐம்பது வருடமாக அப்படித்தான். அப்பா சாப்பிட்டு, மாமாக்கள் சாப்பிட்டு, நாங்கள் சாப்பிட்டு, பூனைக்கும் வைத்த பிறகு அடுப்படியில் உட்காருவார். இங்கே முந்நூறு பேருக்கு முன்னால் அவருக்கு முதல் தட்டு. மாத்திரை உள்ளே போய்விட்டது, வயிற்றில் சோறு இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஓரத்துப் பெரியவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அம்மா ரொட்டியைப் பிரித்துப் பாதியை அவரிடம் நீட்டியதும் சிரித்துவிட்டார். “மாக்கான் டூலு லா, காக்கா. சாயா பூஞ்யா நந்தி சம்பாய்” என்றார். அம்மா தோட்டத்து மலாயில் பதில் சொல்ல, இருவரும் ரப்பர் விலையில் தொடங்கி எங்கெங்கோ போனார்கள். அவர் சொன்னதற்காக இரண்டு வாய் சாப்பிட்டார். நான் சொன்னபோது சாப்பிடவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

வண்டி எங்கள் வரிசைக்கு வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் சோறு ஆறிப்போயிருந்தது. சோறு, கொண்டைக்கடலைக் குழம்பு, பன்னீர், கொஞ்சம் பச்சைக் காய், ஒரு கிண்ணத்தில் பால் இனிப்பு. பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டார். “உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல” என்று இட்லிப் பொடி டப்பாவைத் திறந்தார்.

சமையல்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போன்றது. கேமரன் மலையில் தானா ராத்தாவையும் தாண்டி, பிரிஞ்சாங் சிகரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு காற்றில் ஈரமே இல்லை. மூக்கு வறண்டால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் ருசி ஏது? ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கழகம் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. தரையில் இருப்பதைவிட மேலே உப்பும் இனிப்பும் மங்கலாகவே தெரிகின்றன, தக்காளிச் சாறு மட்டும் தரையில் குடிப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று கண்டார்கள். இயந்திர இரைச்சலும் ருசியைக் கெடுக்குமாம். அம்மாவின் பொடியில் மிளகாயும் பெருங்காயமும் தாராளம். என் தட்டிலும் ஒரு கரண்டி போட்டார். உண்மையைச் சொன்னால், அன்று அந்த விமானத்தில் ருசியாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள் இருவரும், பொடி வாங்கிக்கொண்ட அந்தச் சீனப் பெரியவரும்தான்.

பத்தரைக்கு ஊசி போட்டாயிற்று. தேநீர் வந்தது. அம்மா சர்க்கரை போடாமல் குடித்தார். தட்டில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்கள், பிரிக்காத வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், ரொட்டியின் மீதிப் பாதி எல்லாம் ஒவ்வொன்றாக நெகிழிப் பைக்குள் போயின. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. “டிக்கெட் காசுல சேத்துத்தான குடுக்கறான்” என்றார்.

தோஹாவில் இறங்கியபோது அந்த ஊரில் இரவு 11:40. அம்மாவின் கைக்கடிகாரத்தில் விடியற்காலை 4:40. அடுத்த விமானத்துக்கு ஏழரை மணி நேரம் இருந்தது.

ஹமாட் விமான நிலையத்தில் இடைவழிப் பயணிகளுக்கு அமைதி அறைகள் இருக்கின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பங்களுக்கு என்று தனித்தனி. சாய்ந்து படுக்க நீண்ட நாற்காலிகள், மங்கலான விளக்கு. அங்கே போய்ப் படுக்கலாம் என்றேன். அம்மா கைக்கடிகாரத்தைக் காட்டினார். “பெரட்டுக்கு எழும்பற நேரம். இப்பப் போயிப் படுக்கவா?” பெரட்டுக்களத்துக்குப் போவதை விட்டு முப்பது வருடம் ஆகிறது. ஆனால் உடம்பு இன்னும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

விமான வாசலிலேயே சக்கர நாற்காலி வந்து நின்றது. முன்பே சொல்லி வைத்திருந்தேன். “நான் என்ன சீக்காளியா?” என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அந்த நிலையம் 2014ல் திறக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். உள்ளேயே ரயில் ஓடுகிறது. நடு மண்டபத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கரடி பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் மேசை விளக்கு. படங்களில் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்துக் கலைஞர் ஊர்ஸ் ஃபிஷர் செய்தது. பஞ்சு பொம்மை மாதிரி தெரிந்தாலும் அது வெண்கலம், ஏறக்குறைய 7 மீட்டர் உயரம். 2011ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 68 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. அம்மாவிடம் விலையைச் சொன்னேன். “வெளக்காவது எரியுதா?” என்று கேட்டார். எரிந்தது.

கரடிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன். கைப்பேசித் திரையில் பார்க்கும்போதுதான் அம்மாவின் முகம் சரியில்லை என்று தெரிந்தது. குளிர்சாதனம் ஓடும் மண்டபத்தில் நெற்றி முழுக்க வியர்வை. “கை என்னமோ நடுங்குது புள்ள” என்றார்.

அங்கேயே தரையில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தேன். 3.4. நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும் என்பது இனிப்பு நீர்க்காரர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேகமாகச் சேரக்கூடிய சர்க்கரை 15 கிராம், பிறகு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. என் பையில் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருந்தேன். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா நெகிழிப் பையை அவிழ்த்து, மூன்று சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பொட்டலம் நாலைந்து கிராம் இருக்கும். மூன்று பொட்டலம் கணக்குக்குச் சரியாக இருந்தது. யாரோ ஓர் அரபுப் பெண் தன் பிள்ளையின் ஆப்பிள் சாற்றை நீட்டினார். அதையும் இரண்டு வாய் குடித்தார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பாதி ராத்திரி, பாஷை தெரியாத ஊர், என் தோளில் சாய்ந்திருக்கும் அம்மா. தலைக்கு மேலே 68 லட்சம் டாலர் கரடி. கடைகளில் கடிகாரம், வாசனைத் திரவியம், பேரீச்சம்பழம் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். இரண்டாவது முறை குத்தியபோது 4.9. ரொட்டியின் மீதிப் பாதியை வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். மென்றுகொண்டே, “கரடியோட போட்டோ நல்லா வந்துச்சா?” என்றார்.

இதன் பிறகு சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்ல நான் விடவில்லை. உதவி முகப்பில் சொன்னதும் ஓர் இளைஞர் நாற்காலியோடு வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது. “தமிழாம்மா? எந்த ஊரு?” புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அம்மா அப்போதும் உட்காரத் தயங்கினார்.

“உக்காருங்கம்மா. நீங்க நடந்தீங்கன்னா எனக்கு இங்க என்ன வேலை?”

இந்த நியாயம் அம்மாவுக்குப் புரிந்தது. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டிக் கணக்குக் கொடுத்தவர் அல்லவா? உட்கார்ந்தார். தள்ளிக்கொண்டு போகும் வழியெல்லாம் விசாரணை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தள்ளணும், எத்தனை மணி நேரம் நிக்கணும், சாப்பாடு யார் போடறா, ஊருக்கு எப்போ போனே. “ரெண்டு வருசம் ஆச்சும்மா” என்றார் அவர். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்து இட்லிப் பொடி டப்பாவை அவர் சட்டைப் பையில் திணித்தார். இன்னும் பத்து நாள் ஸ்காட்லாந்துச் சாப்பாடு காத்திருக்கிறது என்று நான் கண்ணைக் காட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டுக் கடைகள் பக்கம் எங்களை விட்டுவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் போனார். அம்மாவின் கைக்கடிகாரத்தில் ஆறரை ஆகியிருந்தது. பசியாறும் நேரம். மாத்திரைக்கு முன் என்ன கிடைக்கும் என்று தேடினேன். ஒரு கடையில் அரபு நாட்டுப் பருப்பு சூப் இருந்தது. மைசூர்ப் பருப்பை வேகவைத்துக் கடைந்து, சீரகம் போட்டு, எலுமிச்சம்பழத் துண்டோடு தருவார்கள். இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வதும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. கடையில் நின்றவர் மலையாளி. அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, “இறச்சி இல்லா, அம்மே” என்றார். இந்த முறை மாத்திரை, கரண்டி இரண்டும் ஒன்றாகவே உள்ளே போயின. எனக்கு வாங்கிய காப்பி இன்னும் வரவில்லை என்பதை அவர் கவனித்தார். ஆனால் காத்திருக்கவில்லை. “ரசத்துக்கும் பருப்புக்கும் நடுவுல இருக்கு” என்று கிண்ணத்தைக் காலி செய்தார். விலையை ரிங்கிட்டில் மாற்றிச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மீதி நேரத்தில் பாதியை அமைதி அறையில் கழித்தோம். அம்மா தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் முணுமுணுத்தார். மீதியை நிலையத்துக்குள்ளேயே இருக்கும் தோட்டத்தில் கழித்தோம். 2022ல் அமைத்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே உயர உயரமான மரங்கள், நடுவில் நீர்க்குளம். வெளியே பாலைவனம், உள்ளே மழைக்காடு. நடக்க முடிகிறவர்கள் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்காரலாம், காசு செலவில்லை. அம்மா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். “ரப்பர் மட்டும் இல்ல” என்றார்.

இரண்டாவது விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு மணி நேரம், இரண்டு சாப்பாடு. உப்புமாவும் சாம்பாரும் முதலில் வந்தன. நான் பேசாமல் இருந்தேன். அம்மா தாளைப் பிரித்து, “நீயும் ஒரு வாய் எடுத்துக்க” என்று தட்டை நடுவில் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். சர்க்கரைப் பொட்டலங்கள் பைக்குள் போனபோது என்னுடையதையும் எடுத்துக் கொடுத்தேன்.

எடின்பரோவில் இறங்கியபோது 12 டிகிரி, தூறல். குடிநுழைவில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். டாக்சி நகருக்குள் நுழைந்து பிரின்சஸ் தெரு முனையில் சிவப்புக் கல் கட்டடம் ஒன்றைக் கடந்தது. 1903ல் ரயில் நிலையத்தோடு கட்டிய பழைய விடுதி. அதன் பெயர் கலிடோனியன். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் சம்பளச் சீட்டின் தலைப்பில் இருபத்தைந்து வருடம் பார்த்த எழுத்துகள் தெரியும். கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினார். “கடைசியில ஒரு எழுத்து ஜாஸ்தி போட்டிருக்கான்” என்றார்.

மறுநாள் காலை தங்கியிருந்த வீட்டில் பசியாற என்ன வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். முட்டை, பன்றி இறைச்சி, ரத்தத்தில் செய்யும் ஒரு கறுப்புப் பதார்த்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். கடைசியில் ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். நம் ஊரில் ஓட்ஸ் என்றால் பாலும் சீனியும். அந்த ஊர்ப் பழைய வழக்கம் வேறு. தண்ணீரில் வேகவைத்து, ஒரு சிட்டிகை உப்பு.

அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகத்தில் ஒரு சந்தேகம். இன்னொரு கரண்டி.

“உப்புப் போட்ட கஞ்சியா?”

“ஆமாம்மா. இங்க இவங்க காலையில குடிக்கறது இதுதான்.”

“தொரைங்க வூட்லயுமா?”

“அவங்க வூட்லயும்தான்.”

அம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வீட்டுக்கார அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார். பச்சை மிளகாயும் கருவாடும்தான் இல்லை, புரட்டாசியில் கருவாட்டை நினைக்கவும் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தபோது 7.2. கைக்கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.